தராசு சொல்லாமல் விட்டது

கேமராக் கடையில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி முதலாளியம்மாவிலிருந்து மாடியில் இருக்கும் பல் டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் தராசு. இருபத்தாறு வருஷமாக ஒரே கவுண்ட்டருக்குப் பின்னால் நின்று, எந்தக் கேமராவையும் தனியாகக் காட்டாத மனிதர். "இது நல்லதா?" என்று ஒருவர் கேட்டால், அதற்குப் போட்டியான இன்னொன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். விற்கிறவன் வாயில் நியாயம் வருமா என்று கேட்பீர்கள். இவர் வாயில் வந்தது. அதுதான் பின்னால் வினையாகவும் போனது.

அவருடைய ஒப்பீடு என்பது ஒரு சடங்கு மாதிரி நடக்கும். கடையின் வலது மூலையில் ஓர் அலமாரித் தட்டு. அதில் ஏழெட்டு நிற நூல்கண்டுகள், நரைத்த தலையோடு ஒரு துணிப் பொம்மை, நின்றுபோன ஒரு கடிகாரம். வாடிக்கையாளர் இரண்டு கேமராவாலும் அந்தத் தட்டை எடுக்க வேண்டும். வெளிச்சம் ஒன்று, நிற்கிற இடம் ஒன்று, மெமரி கார்டும் ஒன்று. முதல் கேமராவில் எடுத்து முடித்ததும் கார்டைக் கழற்றி அடுத்ததில் போடுவார். "ஒண்ணுல வேகமான கார்டு, இன்னொண்ணுல மந்தமான கார்டு இருந்தா, கார்டு செஞ்ச தப்புக்குக் கேமரா மேல பழி விழும்" என்பார். அப்புறம் கேள்வி கேட்பார்: யாரைப் படம் எடுப்பீங்க, எதுல வச்சுத் தூக்கிட்டுப் போவீங்க, உங்களுக்கு அப்புறம் வீட்ல யார் கைக்கு இது போகும். இதெல்லாம் முடிந்தும் மனசு நிலைக்காதவர்களுக்கு இரண்டு கேமராவையும் ஒரு நாள் வீட்டுக்கே கொடுத்தனுப்புவார்.

அந்த வருஷம் வந்து இறங்கிய மிரர்லெஸ் என்கிற புது வகையைச் சேர்ந்த இரண்டு சின்னக் கேமராக்கள் கடையை இரண்டு கட்சியாக்கிவிட்டன. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளி. இரண்டும் உள்ளங்கை அளவு, விலையும் ஏறக்குறைய ஒன்று. வெள்ளி கோட்டுப் பைக்குள் போய்விடும். முகத்தை ஒரு சிட்டிகை கூடுதலாகவே சிவப்பாக்கிக் காட்டும். ஆனால் கண்ணை வைத்துப் பார்க்கத் துளை கிடையாது, பேட்டரியும் மத்தியானத்துக்குள் மூச்சு வாங்கும். கறுப்புக்குப் பிடிமானம் உண்டு, பார்க்கும் துளை உண்டு, அரை இருட்டிலும் கண்மணியைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். ஆனால் முகத்தில் இருப்பதை அப்படியே காட்டிக் கொடுத்துவிடும், அமைப்புகளுக்குள் போனால் வெளியே வர வழி தெரியாது. "வெள்ளி மாமியார் வீட்டுக்கு, கறுப்பு அம்மா வீட்டுக்கு" என்று தராசு ஒரு நாள் சொல்லப்போக, அதையே எல்லோரும் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

அந்த இரண்டுக்கும் நடுவில் நாலு மாதமாகத் தவித்துக்கொண்டிருந்தவர் தபால்காரம்மா. நாற்பதைத் தாண்டியவர். தினமும் பதினொரு மணிக்குக் கடைக்குத் தபால் கொடுக்க வருவார். கொடுத்துவிட்டு இரண்டு நிமிஷம் நின்று கறுப்பைத் தூக்கிப் பார்ப்பார், வெள்ளியைத் தூக்கிப் பார்ப்பார், பெருமூச்சு விட்டுக்கொண்டு போவார். தெருத் தெருவாக நடக்கிற வேலை. போகிற வழியில் பார்க்கிற பூனை, ஜன்னல், சைக்கிள் எல்லாவற்றையும் படம் எடுத்து வைக்க வேண்டும் என்று ஆசை. வீட்டில் அவரும் அப்பாவும் மட்டும்தான். அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தாறு வயது. அவர்கள் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் மாட்டிக்கொண்டால் கம்பெனிக்காரனுக்கு முன்னால் அவருக்குத்தான் ஆள் போகும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தபால்காரம்மா சீருடை இல்லாமல் கடைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, நாளைக்குத் தம்பி வர்றான். கடல் தாண்டிப் போய் ஒன்பது வருஷம் ஆச்சு. வேற ஊருக்குப் போற வழியில ஒரே ஒரு பகல் இறங்குறான். பொண்டாட்டி, கைக்குழந்தையோட. அப்பா பேத்தியை இன்னும் தூக்கினதே இல்ல. ரெண்டு கேமராவையும் நாளைக்குக் குடுங்கண்ணே. எடுத்துப் பார்த்துட்டுத் திங்கக்கிழமை ஒண்ணை வாங்கிடறேன்."

"தாராளமா எடுத்துட்டுப் போம்மா," என்றார் தராசு. "காலையில வெளிச்சத்துல வெள்ளிய வச்சு வெளையாடு. தம்பி வந்தப்புறம் வீட்டுக்குள்ள கறுப்புதான். வெள்ளிய நம்பாத, பேட்டரி காலை வாரிடும்."

இதைச் சொல்லிக்கொண்டே அலமாரித் தட்டைக் கடைசியாக ஒரு தடவை இரண்டிலும் படம் எடுத்துக் காட்டினார். கறுப்பில் எடுத்தார். கார்டைக் கழற்றினார். வெள்ளியில் போட்டு எடுத்தார். வழக்கமாக இந்த இடத்தில் மேஜை இழுப்பறையிலிருந்து இரண்டாவது கார்டு ஒன்றை எடுத்துக் கறுப்பில் போடுவார். அன்றும் எடுத்தார். எடுத்த நேரம் பார்த்து ஒரு கல்யாணப் போட்டோகிராபர் உடைந்த பிளாஷைத் தூக்கிக்கொண்டு வந்து கத்த ஆரம்பித்தான். கார்டு சட்டைப் பைக்குப் போனது. அவசரத்தில் அண்டாவுக்குள் கை போகாது என்பார்கள். இவருக்குக் கை தன் பைக்குள் போனதே தெரியவில்லை. இரண்டு கேமராவையும் பையில் வைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

கார்டு இல்லாவிட்டால் கேமரா சும்மா இருக்குமா, பொத்தானையே அமுக்க விடாதே என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். வாங்கின கேமரா விடாது. கடையில் காட்டுவதற்கு வைத்திருக்கிற கேமரா விடும். வருகிறவர் போகிறவர் எல்லோரும் அமுக்கிப் பார்க்க வேண்டுமே என்பதற்காக, கார்டு இல்லாமலும் க்ளிக் ஆகட்டும் என்று தராசே தன் கையால் மாற்றி வைத்திருப்பார். படம் எடுத்ததும் திரையில் இரண்டு விநாடி அழகாகத் தெரியும். மூலையில் ஒரு சின்னக் குறி மின்னும். அவ்வளவுதான், அப்புறம் அந்தப் படம் உலகத்தில் எங்கேயும் கிடையாது.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குத் தபால்காரம்மா வந்தார். "அண்ணே, வெள்ளியில படம் தெரியுது. கறுப்புல பார்க்க எனக்குத் தெரியலை, ஒண்ணுமே வர மாட்டேங்குது. இருநூறு படத்துக்கு மேல எடுத்தேன். கொஞ்சம் கம்ப்யூட்டர்ல போடுங்களேன்."

தராசு கறுப்பின் அடிமூடியைத் திறந்தார். உள்ளே காலி.

"கார்டு எங்கம்மா?"

அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் மனசில் கள்ளம் இல்லை. அதை நாம் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். சட்டைப் பை விஷயம் அவருக்கு நினைவே இல்லை. அன்று போட்டிருந்தது வேறு சட்டை.

"கார்டா? அதுலதானே இருந்திருக்கும்," என்றார் தபால்காரம்மா. பிறகு அவர் முகம் மாறியது. "சனிக்கிழமை வீட்டுக்குப் போனதும் அப்பா இதைத் திறந்து பார்த்துக்கிட்டிருந்தாரு. எதைக் கண்டாலும் திறந்து பார்ப்பாரு. அவர் கழட்டிட்டாரா?"

"அப்படின்னா வீட்லதான் எங்கயாவது விழுந்திருக்கும். நல்லாத் தேடிப் பாரும்மா."

தபால்காரம்மா மிச்சத் தபாலைக்கூடச் சரியாகக் கட்டாமல் ஓடினார். வெள்ளியில் என்ன இருந்தது என்று தராசு திறந்து பார்த்தார். மாடி ஜன்னலில் புறா. துணிக்கொடி. தேநீர்க் கோப்பையோடு, புதிதாகச் சவரம் செய்த முகத்தோடு அப்பா. மறுபடி புறா. தம்பி வருவதற்கு முன்னால் கைப்பழக்கத்துக்காக எடுத்தவை அத்தனையும் பத்திரமாக இருந்தன.

அன்று சாயங்காலம் வீட்டில் தராசின் மனைவி துவைக்கப் போட்ட துணிகளுக்கு நடுவிலிருந்து வந்து, ஈரக் கையால் ஒன்றை நீட்டினார். "சட்டைப் பையைப் பார்த்துப் போடுங்கன்னு எத்தனை தடவ சொல்றது. நல்லவேளை, மெஷின்ல போடறதுக்கு முன்னாடி பார்த்தேன்."

நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புச் சில்லு. தராசு அதை வாங்கிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். இருநூறு படம். ஒன்பது வருஷம். ஒரே ஒரு பகல். நாளைக்குத் தபால்காரம்மா வந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிட வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தார். உண்மையாகவே முடிவு செய்தார்.

மறுநாள் அவர் வாயைத் திறப்பதற்குள் தபால்காரம்மா முந்திக்கொண்டார். ராத்திரியெல்லாம் அழுத கண்.

"கட்டில், பீரோ எல்லாம் நகர்த்திப் பார்த்துட்டேண்ணே. கிடைக்கலை. அப்பாவைக் கேட்டா, 'திறந்தேன், உள்ளே ஒண்ணும் இல்ல, மூடிட்டேன்'னு சாதிக்கிறாரு. கடைக்காரரு போட மறந்திருப்பாருன்னு வேற சொல்றாரு. எனக்கு வந்துச்சே கோபம். தராசு அண்ணன் அப்படி விடற ஆள் கிடையாது, உங்களுக்குத்தான் ஞாபகம் இல்லன்னு சண்டை போட்டுட்டேன்."

எல்லோரும் ஒரு வார்த்தையில் தப்பித்துக்கொள்கிற இடம் இது. "அப்பா சொன்னதுதான் சரி" என்று சொன்னால் முடிந்தது. முதலாளியம்மா கடிந்து பேசுகிறவரா என்றால் அதுவும் இல்லை. பத்து வருஷத்துக்கு முன் ஒரு லென்ஸை இவர் தரையில் போட்டு உடைத்தபோது "காலில் குத்தலையே" என்று கேட்ட புண்ணியவதி. வேலைக்கு ஆபத்து இல்லை. இருந்தது ஒன்றே ஒன்றுதான்: தராசு அப்படி விடுகிற ஆள் கிடையாது. அந்தச் சொல்லைக் கீழே போட அவருக்கு மனசு வரவில்லை.

"சில சமயம் இந்தக் கறுப்பு கார்டைச் சரியாப் பிடிக்காதும்மா," என்றார். "தானா வெளியே தள்ளி விழுந்திருக்கலாம்."

அடப்பாவி. இருபத்தாறு வருஷத்தில் ஒரு கேமராவைப் பற்றி அவர் சொன்ன முதல் பொய் அது.

அப்புறம் நடந்ததெல்லாம் ஒவ்வொரு நாளும் பதினொரு மணிக்கு அவர் கவுண்ட்டருக்கே வந்து சேர்ந்தது. தபால்காரம்மா தினமும் வந்தார், தினமும் சொன்னார். அப்பாவிடம் தினமும் கேட்கிறாராம். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு தடவை, திரும்பி வந்ததும் ஒரு தடவை. "நல்லா யோசிச்சுப் பாருங்கப்பா. கோபப்பட மாட்டேன்." இரண்டாவது வாரம் ஒரு நாள் ஏதோ ஜெயித்தவர் மாதிரி வந்தார்.

"அப்பா ஒத்துக்கிட்டாருண்ணே. கழட்டி ஜன்னல் ஓரத்துல வச்சாராம். காத்துல விழுந்திருக்கும்னு சொல்றாரு. நான் கீழ போய்ச் சாக்கடை வரைக்கும் பார்த்துட்டேன்."

தராசுக்கு அதைக் கேட்டதும் வந்தது நிம்மதி. வெட்கக்கேடு, ஆனால் வந்தது நிம்மதிதான். ஒரு நிமிஷம், நிஜமாகவே கிழவர் ஏதோ ஒரு கார்டைக் கழற்றியிருப்பாரோ, தன் பையில் இருந்தது வேறோ என்றுகூட நினைத்துப் பார்த்தார். இழுப்பறையில் அந்தக் கார்டு கிடந்தது. அதைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்க அவருக்கு ஒரு வாரம் ஆனது. அதில் போன மாசத்து நூல்கண்டுகள் மட்டும் இருந்தன. தபால்காரம்மா வீட்டு ஜன்னல் பக்கமே அது போனதில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பதெல்லாம் சும்மா, இவருடையது அரித்தது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று ஆகிவிட்டது. கார்டு விஷயம் போய், கிழவருக்கு மறதி என்பது பேச்சாகிவிட்டது. ஒரு முறை பேர் விழுந்துவிட்டால் சும்மா இருக்கிற கையும் களவாணிக் கைதான். கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். நாம் எல்லோரும் செய்கிறதுதான், ஆனால் அவர் செய்தபோது மகள் பயந்துபோனார். மூன்றாம் வாரம் டாக்டரிடம் கூட்டிப்போனார். டாக்டர் மறதியைச் சோதிக்க ஒரு கடிகாரம் வரையச் சொன்னாராம். அப்பா பதற்றத்தில் முள்ளை மாற்றிப் போட்டுவிட்டாராம். லிஃப்ட் மாட்டிக்கொண்டால் அப்பாவைக் கூப்பிட வேண்டாம் என்று தபால்காரம்மா கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டார். வாசல் சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

கடையில் தராசின் முள் ஆடத் தொடங்கியது. ஒரு கல்லூரி ஆசிரியர் வந்து கறுப்பையும் வெள்ளியையும் காட்டச் சொன்னார். தராசு கறுப்பைத் தொடவே இல்லை. "வெள்ளியே எடுத்துக்குங்க சார்."

"ஒப்பிட்டுக் காட்டுவீங்கன்னு சொன்னாங்களே."

"ரெண்டும் நல்லதுதான் சார்."

ஆசிரியர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வேறு கடைக்குப் போனார். தபால்காரம்மாவும் கடைசியில் வெள்ளியைத்தான் வாங்கினார். கறுப்பு ராசியில்லை என்றார். வாங்கியதோடு சரி, அதைப் பையிலிருந்து எடுத்து யாரும் பார்க்கவில்லை.

"உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று மனைவி கேட்டார். "ஒரு மாசமா திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி இருக்கீங்க. கத்தவும் மாட்டேங்குறீங்க, சொல்லவும் மாட்டேங்குறீங்க."

"ஒண்ணும் இல்ல. கால் வலி."

"காலா? வாய்தான் வலிக்குதுன்னு நான் நெனச்சேன்."

ஆறாவது வாரம் சனிக்கிழமை. தபால்காரம்மா தபாலை வைத்துவிட்டுக் கவுண்ட்டர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"திங்கக்கிழமை அப்பாவை ஒரு முதியோர் இல்லத்துல சேர்க்கறோம்ணே. பகல்ல நான் தெருவுல, அவர் வீட்ல தனியா. ஏதாவது ஆச்சுன்னா? தம்பியும் அதான் சொல்றான். அப்பாவே சரின்னுட்டாரு. 'எனக்குப் புத்தி தடுமாறுதும்மா, உனக்குப் பாரமா இருக்க வேணாம்'னு சொன்னாரு. சட்டையில எல்லாம் பேர் தைக்கணுமாம். அங்க துணி மாறிடுமாம். ரெண்டு நாளா பேர் தைச்சுக்கிட்டு இருக்கேன்."

அவர் போனபிறகு தராசு கவுண்ட்டருக்குக் கீழே குனிந்து கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். எதையாவது தேடுறீங்களா என்று முதலாளியம்மா கேட்டார். இல்லை என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறுப்புக் கேமராவையும் அந்தக் கார்டையும் பையில் போட்டுக்கொண்டு தராசு தபால்காரம்மாவின் கட்டடத்துக்குப் போனார். நாலாவது மாடி. லிஃப்ட் கதவில் பழுது என்று அட்டை தொங்கியது. படியேறிப் போய் மணி அடித்தார். உள்ளேயிருந்து ஒரு குரல், "கதவு வெளியில பூட்டியிருக்கு. யாரு?" என்றது. வெளியில் பூட்டு எதுவும் இல்லை. தராசு கைப்பிடியைத் திருப்பினார், திறந்துகொண்டது. மகள் பூட்டாமல்தான் போயிருக்கிறார். கிழவர் திறந்து பார்க்கக்கூட இல்லை.

கூடத்தில் மடித்து வைத்த சட்டைகள் நாலைந்து. காலரின் உட்புறம் நீல நூலில் பெயர். கிழவர் ஓர் ஓரமாக, தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். மகள் துண்டு வாங்கக் கடைக்குப் போயிருப்பதாகச் சொன்னார்.

தராசு உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். இழுப்பறையிலிருந்து கார்டை எடுத்தது, பையில் போட்டது, மனைவி கொண்டுவந்து கொடுத்தது, மறுநாள் சொல்லாதது, கறுப்பின் மேல் போட்ட பொய். மூச்சு விடாமல் சொல்லி முடித்தார்.

கிழவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். "நல்ல மனசு தம்பி உங்களுக்கு."

"ஐயா?"

"என் பொண்ணு சொல்லியிருக்கா, தங்கமான மனுஷன்னு. கிழவன் இல்லத்துக்குப் போறானேன்னு பழியை நீங்க ஏத்துக்கப் பாக்குறீங்க. வேணாம். நான்தான் கழட்டினேன். இந்தா, இந்த ஜன்னல்லதான் வச்சேன். வச்சப்போ 'டக்'னு ஒரு சத்தம்கூடக் கேட்டுச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

ஆறு வாரம் முன்னால் சொல்லியிருந்தால் ஒரே ஒரு வார்த்தை. இப்போது உண்மையைச் சொன்னாலும் நம்ப ஆள் இல்லை.

தராசு கறுப்பை எடுத்தார். அடிமூடியைத் திறந்து காலிப் பள்ளத்தைக் காட்டினார், மூடினார். கிழவரின் முகத்துக்கு நேராக வைத்து அமுக்கினார். க்ளிக். திரையில் கிழவரின் முகம் இரண்டு விநாடி நின்று, மறைந்தது. மறுபடி அமுக்கினார். மறுபடி வந்தது, போனது.

கிழவர் கேமராவைக் கையில் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூலையில் மின்னிய குறியைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கார்டு இல்லேன்னா இது ஓடக் கூடாதே."

"ஓடக் கூடாது ஐயா. கடையில காட்டறதுக்காக நான்தான் ஓட விட்டு வச்சிருந்தேன்."

"பூட்டைத் தாண்டி விட்டிருக்கீங்க." கிழவரின் குரல் மாறிவிட்டது. "லிஃப்ட்ல கதவு மூடாம வண்டி நகராது. பழுது பார்க்கறப்போ மட்டும் கதவுப் பூட்டைத் தாண்டி ஒரு ஒயரைப் போடுவோம். வேலை முடிஞ்சதும் முதல் காரியம் அந்த ஒயரை எடுக்கணும். எடுக்காம வந்துட்டா, கதவு திறந்து கிடக்கும், வண்டி ஓடும், ஆள் செத்துப் போவான். முப்பத்தெட்டு வருஷத்துல ரெண்டு தடவ எடுக்க மறந்தேன். ரெண்டு தடவையும் பாதி வழியில ஞாபகம் வந்து, திரும்ப ஓடிப் போய், அந்தக் கட்டடத்துக்காரங்க எல்லாரையும் கூப்பிட்டு வச்சுச் சொல்லிட்டுத்தான் எடுத்தேன். மறக்கறவன் மனுஷன் தம்பி. மறந்ததைச் சொல்லாதவனை நாங்க வேலையில வச்சுக்க மாட்டோம்."

அந்தச் சொல் தராசுக்கு வலிக்கவில்லை. எங்கோ இறுகியிருந்தது கொஞ்சம் இளகினதுபோல்கூட இருந்தது. திட்டு வாங்கத்தானே வந்தார்.

கிழவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ உள்ளே காலியாத்தான் இருந்துச்சு."

"ஆமாங்கய்யா. நீங்க முதல்ல சொன்னதுதான் நிஜம்."

"நான் சொன்னேனா?"

"முதல் நாளே சொன்னீங்க."

கதவு திறந்தது. தபால்காரம்மா துண்டுப் பையோடு உள்ளே வந்தார். தராசைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்கண்ணே, அப்பாவை வழியனுப்ப வந்தீங்களா" என்றார்.

"உக்காரும்மா," என்றார் கிழவர். "இவர் ஒண்ணு சொல்வாரு, கேளு."

தராசு இரண்டாம் தடவை சொன்னார். இந்தத் தடவை மூச்சு வாங்கிற்று; நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்த வேண்டியிருந்தது. தபால்காரம்மா துண்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். அவர் கத்தவில்லை. தராசின் பக்கம் திரும்பவே இல்லை. சொல்லி முடித்ததும் அப்பாவைத்தான் பார்த்தார்.

"அப்பா. நீங்களே சொன்னீங்களே. ஜன்னல்ல வச்சேன்னு."

"நீ தினமும் கேட்டியேம்மா," என்றார் கிழவர். குரலில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை. "காலையில கேட்ட, சாயங்காலம் கேட்ட. எடுக்கலன்னு சொன்னா அழுத. யோசிங்க, யோசிங்கன்ன. நானும் யோசிச்சேன். ஒரு நாள் ஜன்னல்ல வச்சிருப்பேனோன்னு சொன்னேன். உடனே நீ சிரிச்ச. எழுந்து தேடப் போன. அப்புறம் அது அப்படியே ஞாபகத்துல உக்காந்துடுச்சு."

கிழவர் மடித்து வைத்த சட்டைகளில் ஒன்றை எடுத்துக் காலரை விரலால் தடவிப் பார்த்தார். "அந்த இல்லத்துக்குப் போன் பண்ணி வேணாம்னு சொல்லிடும்மா."

தபால்காரம்மா போனை எடுத்தார். "நாளைக்கு வரலைங்க. இல்லைங்க, இனிமே வரலை," என்று மட்டும் சொல்லி வைத்தார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து, சட்டைக் காலரில் தான் தைத்த பெயரை நகத்தால் பிரிக்க ஆரம்பித்தார். நீல நூல் சீக்கிரத்தில் வரவில்லை.

தராசு இரண்டடி முன்னால் வந்தார். "என்னை மன்னிச்சிடும்மா. ரெண்டு அடி வேணும்னாலும் அடி. நான் சொல்லியிருக்கணும்."

"ஆமா," என்றார் தபால்காரம்மா, நிமிராமல். "நீங்க சொல்லலை. ஒரே ஒரு தடவ, நீங்க சொல்லலை. ஆனா தினமும் ரெண்டு தடவ கேட்டது நான்தானே அண்ணே. அவர் எடுக்கலன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு, ஒத்துக்க வச்சது நான்தானே. நீங்க வந்து சொல்லிப் பாரத்தை இறக்கி வச்சிட்டீங்க. நான் இதை யார்கிட்ட போய் இறக்கி வைக்க?"

வழியெல்லாம் தராசு எத்தனையோ வசவுகளுக்குத் தயாராகிக்கொண்டு வந்திருந்தார். இது வசவே இல்லை. கிழவர் எழுந்து மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, இன்னொரு சட்டையை எடுத்துத் தானும் நூலைப் பிரிக்கத் தொடங்கினார். இவரைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. தராசு கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.